குளத்து வாயுவில் காசு இருக்கிறதா?

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு தம்பி இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். (எனக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், வாயில் வேறு பெயர் வரமாட்டேன் என்கிறது.) முதல் கேள்வி: "பக்கத்து செம்பனை ஆலையில் கழிவுநீர்க் குளத்தைத் தார்ப்பாய் மாதிரி ஒன்றால் மூடி, வருகிற வாயுவை இராப்பகலாகக் குழாய் முனையில் கொளுத்திவிடுகிறார்கள். அது காசை எரிப்பதுதானே? அந்த வாயுவில் மின்சாரம் எடுக்கப்போகிறோம், நாலே வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்று ஒருவர் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் வந்து பேசிவிட்டுப் போனார். பணம் போடலாமா?" இரண்டாவது: "எங்கள் தாமான் (குடியிருப்பு) பின்னால் இருக்கும் மலக்கழிவு சுத்திகரிப்பு நிலையம் மாதாமாதம் மின்கட்டணம் கட்டுகிறது. அங்கேயும் இதையே செய்யலாமே, ஏன் செய்வதில்லை?"

இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரியில் சொன்னால், வாயு இருக்கும் இடத்தில் மின்சாரம் தேவையில்லை, மின்சாரம் தேவைப்படும் இடத்தில் வாயு இல்லை. மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. செம்பனை ஆலைகளில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். கடைசிப் பாதி முழுக்கக் குளத்துப் பக்கம்தான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு டன் பழக்குலையை ஆலையில் வேகவைத்துப் பிழிந்தால் சுமார் 0.65 கன மீட்டர் கழிவுநீர் வெளியே வரும். வரும்போதே 80 டிகிரிச் சூடு, புளித்த வாடை, காப்பி நிறம். அதில் இருக்கும் கரிமச் சரக்கை நுண்ணுயிர்கள் காற்றில்லாத இடத்தில் தின்றால் மீத்தேன் வரும். ஒரு கன மீட்டர் கழிவுநீருக்கு ஏறக்குறைய 28 கன மீட்டர் பயோகேஸ் என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாரும் போடும் கணக்கு. அதில் அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமிலவாயு. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அந்த அழுகிய முட்டை நாற்றம். அளவில் சின்னது, செலவில் பெரியது. அதற்குத் தனியாக வருகிறேன்.

1977இல் வந்த செம்பனை ஆலைச் சுற்றுச்சூழல் விதிமுறைகள்தான் இந்தக் குளங்களையே உண்டாக்கின. அதற்கு முன்பு பல ஆலைகள் கழிவை ஆற்றில்தான் விட்டன. ஆற்றில் விடும் நீரின் பிஓடி அளவை (கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு, கூடினால் அழுக்கு கூட) 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக இறக்கி, 1984க்குள் 100க்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு மலிவான வழி நீளநீளமாகக் குளம் வெட்டி, கழிவுநீரை மாதக்கணக்கில் ஊறவிடுவதுதான். தோட்டத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே குளம் வந்தது நீரைச் சுத்தம் செய்ய. வாயு அதன் பக்கவிளைவு. உங்களிடம் பேச வந்தவர் இதைத் தலைகீழாகச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். மணிக்கு 45 டன் அரைக்கும் ஆலை, வருஷத்துக்கு 2,00,000 டன் குலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் 1,30,000 கன மீட்டர். பயோகேஸ் சுமார் 36 லட்சம் கன மீட்டர். நல்ல கேஸ் எஞ்சின் ஒரு கன மீட்டரிலிருந்து இரண்டே கால் யூனிட் வரை எடுக்கும். ஆகத் தாளில் 80 லட்சம் யூனிட். எஞ்சின் பராமரிப்புக்கு நிற்கிற நாள், தெனாகா மின்வாரியத்தின் லைன் விழுகிற நாள், குளம் சோர்ந்துபோகிற வாரம் எல்லாம் கழித்தால் 70 லட்சம் கையில் நிற்கும்.

இதை விற்க வேண்டும். 2011இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் வந்து, சேடா என்கிற ஆணையம் அமைந்து, அந்த டிசம்பரிலேயே நிர்ணய விலைக் கொள்முதல் தொடங்கியது. 4 மெகாவாட் வரையிலான பயோகேஸ் நிலையத்துக்கு யூனிட்டுக்கு 32 சென், 16 வருஷ ஒப்பந்தம். எஞ்சின் திறன் நன்றாக இருந்தால் மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. நம் மின்கட்டணத்தில் முதலில் 1 சதவீதம், 2014 முதல் 1.6 சதவீதம் என்று பிடித்துச் சேர்த்த நிதி. மாதம் 300 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது, அதனால் தோட்டத்து வீடுகள் பலவற்றுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நிதிக்கு எல்லை இருந்ததால் ஒதுக்கீட்டுக்கும் எல்லை இருந்தது. பின்னர் நிர்ணய விலை போய் ஏலம் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் 32 சென் கிடைக்கும் காலம் இப்போது இல்லை. உங்களிடம் வந்தவர் எந்த விலையில் கணக்குப் போட்டார் என்று முதலில் கேளுங்கள்.

அவர் பக்கம் நின்றே 32 சென் என்று வைப்போம். 70 லட்சம் யூனிட்டுக்கு வரவு 22 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). மூடிய குளம், வாயு சுத்தம் செய்யும் கருவி, எஞ்சின், டிரான்ஸ்ஃபார்மர், லைன் எல்லாம் சேர்த்து 1 கோடியே 20 லட்சம் முதலீடு என்று நான் வைக்கிறேன். இது என் கைக்கணக்கு, ஆலைக்கு ஆலை மாறும். ஆள், எண்ணெய், உதிரிப்பாகம், காப்புறுதி என்று வருஷத்துக்கு 7 லட்சம். மிச்சம் 15 லட்சத்து 40 ஆயிரம். சொந்தப் பணம் என்றால் எட்டு வருஷத்தில் திரும்பும். கடன் வாங்கினால்? 6 சதவீத வட்டி, 10 வருஷத் தவணை என்றால் வருஷத் தவணையே 16 லட்சத்தைத் தாண்டும். அதாவது முதல் பத்து வருஷம் கைக்கு ஒன்றும் வராது, கையிலிருந்து கொஞ்சம் போகும். பதினோராவது வருஷத்திலிருந்துதான் காசு. அதற்குள் எஞ்சினை ஒருமுறையாவது முழுசாகப் பிரித்துக் கட்ட வேண்டிவரும்.

நாலு வருஷம் என்று எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. 80 லட்சம் யூனிட்டையும் விற்று, பராமரிப்பைப் பாதியாக்கி, வட்டியை மறந்து, ஏற்கெனவே மூடிய குளத்தை இலவசமாகச் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்கும்.

இப்போது அந்த முட்டை நாற்றத்துக்கு வருகிறேன். செம்பனைக் கழிவின் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 1,000 பங்கு முதல் 3,000 பங்கு வரை சாதாரணமாக இருக்கும். எஞ்சினுக்குள் போகும்போது அது 200க்குக் கீழே இருக்க வேண்டும். எரியும்போது அமிலமாகி எஞ்சின் எண்ணெயைக் கெடுக்கும், பேரிங்கைத் தின்னும். அதனால் நடுவில் ஒரு ஸ்க்ரப்பர் வைப்பார்கள். உயரமான கோபுரம், உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள், அவற்றின்மேல் கந்தகத்தைத் தின்னும் பாக்டீரியா. அதற்குக் கொஞ்சம் காற்றும் சத்து நீரும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டுக்குப் புல் போடுகிற மாதிரி, லீவு கிடையாது.

வேறு மாநிலத்தில் நான் இருந்த ஒரு ஆலையில் நடந்தது இது, பெயர் வேண்டாம். ஹரி ராயாவுக்கு ஆலையை ஒரு வாரம் நிறுத்தினோம். குலை இல்லை, கழிவுநீர் இல்லை. ஆனால் குளம் உடனே நின்றுவிடாது, வாயு வந்துகொண்டேதான் இருக்கும். எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரப்பருக்கு நீர் ஏற்றும் சின்ன பம்ப், சில நூறு வெள்ளி பெறுமானம்தான், இரண்டாம் நாள் நின்றுவிட்டது. அளவுமானி அதற்கு முன்பே பழுது, வாங்குவதற்கான தாள் ஆபீசில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. விடுமுறை முடிந்து வந்து எண்ணெயை எடுத்துப் பார்த்தால் தார் மாதிரி இருக்கிறது. எஞ்சினைப் பிரித்தோம். உதிரிப்பாகம் ஐரோப்பாவிலிருந்து வர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வாயுவை எரித்துத்தான் விட்டோம், உங்கள் ஊரில் எரிகிற மாதிரியே. மேலே போட்ட கணக்குப்படி மூன்று மாதம் என்றால் ஐந்தரை லட்சம் வெள்ளி வரவு போச்சு, பழுது பார்த்த செலவு தனி. அன்றிலிருந்து யாராவது பயோகேஸ் திட்டம் என்று வந்தால் நான் எஞ்சின் எந்தக் கம்பெனி என்று கேட்பதில்லை. ஸ்க்ரப்பரை யார் பார்த்துக்கொள்வார், அவருக்கு என்ன சம்பளம் என்றுதான் கேட்பேன்.

குளத்துக்கும் குணம் உண்டு. குலை வரத்து வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பொதுவாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழை மாதிரி கொட்டும், வருஷத் தொடக்கத்தில் இளைத்துப்போகும். எஞ்சினை உச்ச மாதத்துக்கு அளவெடுத்து வாங்கினால் பிப்ரவரியில் பாதிச் சுமையில் முனகும். மெலிந்த மாதத்துக்கு வாங்கினால் செப்டம்பரில் பாதி வாயு எரிந்துபோகும். அப்புறம், ஆலையில் எண்ணெய் பிரிக்கும் பகுதி சரியாக வேலை செய்யாவிட்டால் எண்ணெய் குளத்துக்கு வந்து மூடிக்கு அடியில் ஆடை கட்டும். மணலும் சேறும் அடியில் ஏறும். மூடியைக் கிழிக்காமல் அதை எடுப்பது தனி வித்தை.

நமக்கு ஒரு வசதி உண்டு. குளிர்நாடுகளில் செரிமானத் தொட்டியைச் சூடாக வைக்கவே எஞ்சினின் கழிவுச் சூட்டில் பெரும்பகுதி போகும். நமக்கு வருகிற கழிவே கொதிக்கிறது, ஆறவைக்கத்தான் பாடு. ஆனால் இதே வசதிக்கு மறுபக்கமும் உண்டு. அங்கே அந்தச் சூடும் வரவில் சேரும், எரிபொருள் மிச்சம். இங்கே எஞ்சின் சூட்டை வாங்க ஆளில்லை.

இனி, நான் முதலில் சொன்ன முக்கியமான இடம். செம்பனை ஆலைக்கு ஏன் இந்த மின்சாரம் வேண்டாம்? ஒரு டன் குலை அரைக்க 20 யூனிட்டுக்குள்தான் தேவை. அதைப் பிழிந்த நாரும் கொட்டை ஓடும் பாய்லரில் எரித்தே எடுத்துவிடுகிறார்கள். நீராவியும் அதிலேயே. எரிபொருள் சும்மா கிடைக்கிறது. அவர்களிடம் போய் இன்னொரு சும்மா மின்சாரம் தருகிறேன் என்றால், தென்னந்தோப்புக்காரருக்கு இளநீர் விற்கப் போன மாதிரிதான். (உங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பெயரில் தென்னை, நட்டது செம்பனை.) ஆகவே மின்சாரம் வெளியே போக வேண்டும். வெளியே போக லைன் வேண்டும். ஆலைகள் இருப்பதோ தோட்டத்து நடுவில். கிலோமீட்டருக்கு 3 லட்சம் வெள்ளி என்று வைத்தாலும், இணைப்பு கொடுக்கும் துணைநிலையம் 8 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 24 லட்சம் கம்பிக்கே போய்விடும். நான் பார்த்தவரை நல்ல குளம் உள்ள ஆலைகள் பலவற்றில் திட்டம் செத்தது வாயுவால் அல்ல, இந்தத் தூரத்தால்.

அதனால் நான் ஆலைக்காரராக இருந்தால் எஞ்சினே வாங்கமாட்டேன். வாயுவைக் குழாய் போட்டு நேராகப் பாய்லருக்குக் கொண்டுபோய் எரிப்பேன். அது ஏற்கெனவே எரிகிற கொட்டை ஓட்டை மிச்சப்படுத்தும், மிஞ்சும் ஓட்டை விற்கலாம். செம்பனைக் கொட்டை ஓட்டுக்கு நல்ல சந்தை இருக்கிறது. சிமெண்ட் ஆலைகள் வாங்குகின்றன, ஜப்பானுக்குக் கப்பலில் போகிறது. குலை எடையில் ஐந்தாறு சதவீதம் ஓடு. நம் கணக்கு ஆலையில் வருஷம் 11,000 டன். 36 லட்சம் கன மீட்டர் வாயுவின் சூடு சுமார் 4,400 டன் ஓட்டுக்குச் சமம். டன் 200 வெள்ளி என்றால் 8 லட்சத்து 80 ஆயிரம், 300 என்றால் 13 லட்சத்துக்கு மேல். எஞ்சின் இல்லை, தெனாகா ஒப்பந்தம் இல்லை, முதலும் பாதி. பாய்லர் கந்தகத்தை எஞ்சினைவிடப் பொறுத்துக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. ஆலை உண்மையில் எவ்வளவு ஓட்டை எரிக்கிறதோ அதற்குமேல் மிச்சம் பிடிக்க முடியாது. நாரிலேயே ஓடும் ஆலைக்கு இந்தக் கணக்கு பலிக்காது. இன்னொன்று, இந்த லாபம் முழுக்க ஆலைக்குத்தான், வெளியிலிருந்து பணம் போடுகிறவருக்கு அதில் இடமில்லை. உங்கள் சங்கத்துக்கு யாரும் இந்த யோசனையைக் கொண்டுவராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, சிலிண்டரில் அடைத்து விற்பது மூன்றாவது வழி. உலு சிலாங்கூர் சுங்கை தெங்கி பெல்டா ஆலையில் 2015இல் அப்படி ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. லைன் இல்லாத இடத்துக்கு லாரி லைன் ஆகிறது. வாங்கும் தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம்.

அப்படியானால் உங்கள் ஊரில் எரிவது வீண்தானா? முழுக்க இல்லை. மீத்தேன் அப்படியே வானத்துக்குப் போனால், நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப் போல் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். எரித்தால் அது வெறும் கரியமிலவாயு, அதுவும் போன வருஷம் மரம் காற்றிலிருந்து எடுத்ததுதான். நம் கணக்கு ஆலையின் மீத்தேன் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,500 டன். கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தின் கீழ், இப்படி வானத்துக்குப் போகாமல் தடுத்த வாயுவுக்குச் சான்று வாங்கி, அதை வெளிநாட்டுக்கு விற்றுக் காசாக்கினார்கள். அப்போது 21 மடங்கு என்று கணக்கு, ஆக 31,500 டன் கரியமிலவாயுவுக்குச் சமம். டன்னுக்கு 10 யூரோ கிடைத்த நாளில் வெறும் தார்ப்பாயும் தீயும் வைத்திருந்தவருக்கே வருஷம் 3,15,000 யூரோ என்று தாளில் தெரிந்தது. நம் நாட்டுச் செம்பனை ஆலைகள் பல அதை நம்பித்தான் குளத்தை மூடின. 2012 முடிவில் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. ஐரோப்பா அதற்குப் பின் பதிவாகும் திட்டங்களில் மிக ஏழை நாடுகளுடையதை மட்டும் ஏற்றது, அந்தப் பட்டியலில் நாம் இல்லை. மூடி மிஞ்சியது, வரவு போனது. 2014 ஜனவரி முதல் புதிய ஆலைகளும், அரைப்பளவைக் கூட்டக் கேட்கும் ஆலைகளும் வாயுவைப் பிடித்தே ஆக வேண்டும் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதி கொண்டுவந்தது. பிடிக்கச் சொன்ன விதி விற்க வழி செய்யவில்லை. பிடித்தார்கள், எரிக்கிறார்கள். நீங்கள் இரவில் பார்க்கும் அந்தத் தீயின் கதை இவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. தாமானில் 20,000 பேர் என்று வையுங்கள். மலேசியக் கணக்கில் தலைக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர், ஆக 4,500 கன மீட்டர் சாக்கடை. அதன் சேற்றைத் தொட்டியில் செரிக்கவைத்தால், நன்றாக நடந்தால், நாளுக்கு 400 கன மீட்டர் வாயு. செம்பனைக் கழிவில் கன மீட்டருக்கு 28, இங்கே 0.09. முந்நூறு மடங்கு வித்தியாசம். நம் சாக்கடையில் பெரும்பகுதி குளித்த, கழுவிய தண்ணீர்தானே. கிடைப்பது 37 கிலோவாட் எஞ்சின் ஓடும் அளவு, நிலையத்தின் தேவையில் பாதிக்கும் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கைக்கணக்கும் இதை ஒட்டித்தான் வருகிறது: நாளுக்கு 3,785 கன மீட்டர் சாக்கடைக்கு 26 கிலோவாட். அங்கேயே இதைப்போல் ஐந்து மடங்கு வரத்துக்குக் கீழே உள்ள நிலையங்களை நெடுநாள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

37 கிலோவாட்டுக்கும் ஸ்க்ரப்பர் வேண்டும், ஆள் வேண்டும், பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அளவு சின்னதானால் செலவு அதே விகிதத்தில் சின்னதாகாது. போதாததற்குச் சாக்கடை வாயுவில் ஷாம்புவும் அழகுப்பொருள்களும் கொண்டுவரும் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மம் இருக்கும், எரிந்தால் எஞ்சினுக்குள் கண்ணாடி மணலாகப் படியும். செம்பனை வாயுவில் அந்தத் தொல்லை இல்லை. மேலும், தாமான் நிலையங்கள் பெரும்பாலும் காற்றடித்துச் சேற்றைக் கரைக்கும் வகை. வாயுவாக வேண்டியதைக் காற்றடித்தே, அதுவும் காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில், எரித்துவிடுகிறார்கள். நிர்ணய விலைத் திட்டத்தில் சாக்கடை வாயுவுக்கு யூனிட்டுக்குச் சுமார் 8 சென் கூடுதலாகவே கொடுத்தார்கள். 37 கிலோவாட்டை அதுவும் தூக்கிவிடாது. லட்சக்கணக்கானவர் சாக்கடை ஒரே இடத்துக்கு வரும் கோலாலம்பூர், பினாங்கு போன்ற நகரங்களில்தான் இது பேசத்தக்கது.

சின்ன நிலையத்துக்கு வழியே இல்லையா என்றால், வெளியிலிருந்து கெட்டியான கழிவை வாங்கிச் சேர்ப்பது ஒன்று உண்டு. கலிபோர்னியா ஓக்லாந்தில் உள்ள நிலையம் உணவுக்கழிவும் கொழுப்பும் லாரியில் வரவழைத்துச் சேற்றோடு சேர்த்துச் செரிக்கவைத்து, 2012இல் தன் தேவைக்கு மேலே மின்சாரம் எடுத்தது. அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கழிவைக் கொண்டுவருகிறவர் அதைக் கொட்டக் கட்டணம் கட்டுகிறார். வரவு இரண்டு பக்கமும். நம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மிஞ்சும் பழைய எண்ணெயையும் சோற்றையும் காசு கொடுத்துக் கொட்டுகிறவரை எனக்குக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

ஆக, சங்கத்துப் பணம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் அடுத்த முறை வரும்போது, ஆலையின் மூன்று வருஷக் குலை வரத்தை மாதவாரியாகக் கேளுங்கள், கழிவுநீர் யாருக்குச் சொந்தம், ஆலை கைமாறினால் ஒப்பந்தம் நிற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மின்சாரம் எந்த விலைக்கு விற்கிறது என்பதற்குக் கையெழுத்தான தாள் வேண்டும், வாக்குறுதி போதாது. துணைநிலையத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நீங்களே மோட்டார் சைக்கிளில் போய் மீட்டர் பாருங்கள். அப்புறம் அந்த ஆலையில் குளத்துப் பக்கம் வேலை செய்கிற நம் ஆள் யாராவது இருப்பார். அவருக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து, போன வருஷம் ஸ்க்ரப்பர் எத்தனை நாள் நின்றது என்று விசாரியுங்கள். அந்த நாள்களைக் கழித்து மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை போட்டு எனக்கு அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.